டிஃபென்ஸ்ல யாரைப் போடுறது? 1962-ல் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த பள்ளிக்கூட வாத்தியார் ரஹீமின் கதை

உடன்குடி என்றதும் பலருக்குக் கருப்பட்டி ஞாபகம் வரும். ஆனால் அங்கிருந்து குலசேகரன்பட்டினம் தாண்டி, கடலோரமாகச் சில கிலோமீட்டர் போனால் மணப்பாடு வரும். கடற்கரை மணலில் பந்து உதைத்துப் பழகி, சந்தோஷ் டிராஃபி வரைக்கும் போன வீரர்களைத் தந்த ஊர் அது. இந்தப் பக்கத்து டீக்கடையில் ஃபுட்பால் பேச்சு எடுத்தால் சீக்கிரம் முடியாது. அதிலும் ஐஎஸ்எல் அணிகள் ஆள் எடுக்கும் சீசன் என்றால் கேட்கவே வேண்டாம். ஃபார்வர்டுக்கு யார் என்பதில் பெரிய சண்டை வராது. பின்னாடி யார் நிற்கிறது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. உயரம் முக்கியம் என்பார் ஒருவர், வேகம் இல்லாத உயரத்தை வைத்து என்ன செய்ய என்பார் இன்னொருவர்.

இந்தச் சண்டை நியாயமானதுதான். 2017-ல் நடந்த ஐஎஸ்எல் டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் கோல் அடிக்கிறவர் இல்லை. கேரளத்தைச் சேர்ந்த டிஃபென்டர் அனஸ் எடத்தொடிகா. புதிதாக வந்த ஜாம்ஷெட்பூர் அணி 1.10 கோடி ரூபாய்க்கு அவரை எடுத்தது. ஒரு அணியைப் பூஜ்யத்திலிருந்து கட்டுகிறவர்கள் பின்களத்தில் இருந்து ஆரம்பித்தார்கள்.

ஆனால் யாரைப் பின்னாடி நிறுத்துவது என்ற கேள்வியை நம் நாட்டில் எல்லோரையும் விட ஆழமாக யோசித்தவர் ஒருவர் இருந்தார். இறந்து 60 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. 2024-ல் வந்த மைதான் இந்திப் படம் பார்த்தவர்களுக்குப் பெயர் தெரிந்திருக்கும். சையத் அப்துல் ரஹீம். வீரர்களுக்கு ரஹீம் சாப். அரையிறுதிக்கும் ஃபைனலுக்கும் தன் அணியின் மிகச் சிறந்த டிஃபென்டரைப் பின்களத்திலிருந்தே தூக்கியவர். ஏன் அப்படிச் செய்தார்? அதைப் புரிந்துகொள்ள முதலில் இருந்து வரணும்.

யார் இந்த ரஹீம்?

1909 ஆகஸ்ட் 17-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்த பட்டதாரி. தொழில், பள்ளிக்கூட வாத்தியார் வேலை. காச்சிகுடா நடுநிலைப் பள்ளி, சாதர்காட் உயர்நிலைப் பள்ளி என்று நகரத்தின் பல பள்ளிகளில் பாடம் நடத்தினார். பிறகு உடற்கல்வியில் டிப்ளமா வாங்கினார். இடையில் உள்ளூர் கிளப்புகளுக்காகவும் ஆடினார். ஆனால் பெரிய ஆட்டக்காரர் என்று அவரை யாரும் சொல்வதில்லை. அவருடைய திறமை வேறு இடத்தில் இருந்தது.

1943-ல் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளர் ஆனார். சாகும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அங்கேதான் வாத்தியார் மூளை வேலை செய்தது. பையன்கள் பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு நாலு பேரை ஏமாற்றத்தான் ஆசைப்படுவார்கள், பாஸ் கொடுக்க மாட்டார்கள். இதைத் திட்டித் திருத்த முடியாது என்று அவருக்குத் தெரியும். அதனால் டிரிப்ளிங்கே செய்யக் கூடாது என்று விதி வைத்துப் போட்டி நடத்தினார். வலது காலில் மட்டும் உதைத்துப் பழகியவர்களுக்கு, பழக்கமில்லாத காலால் ஆடும் போட்டி. குள்ளமான பையன்கள் ஒதுங்கிப் போய்விடாமல் இருக்க, உயர வரம்பு வைத்து ஒரு போட்டி.

யோசித்துப் பாருங்கள், இதெல்லாம் 1940-கள், 50-களில். வெளிநாட்டுப் பயிற்சி வீடியோ கிடையாது, டேட்டா கிடையாது. பாடத்தை விளையாட்டுக்குள்ளேயே ஒளித்து வைத்துக் கற்றுக்கொடுத்த ஒரு வாத்தியார் மட்டும்தான்.

போலீஸ் அணி எப்படி மேலே வந்தது?

1950-ல் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியின் பயிற்சிப் பொறுப்பை ஏற்றார். அந்தக் காலத்தில் இந்தியக் கால்பந்து என்றால் கல்கத்தா என்றுதான் அர்த்தம். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் அணிகளை மீறி வெளியூர் அணி ஒன்று கோப்பை தூக்குவது அபூர்வம். அந்த நிலைமையில் பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து 5 முறை வென்றது இந்தப் போலீஸ் அணி. டுராண்ட் கோப்பையும் வந்தது. அதே காலத்தில் இந்திய அணியின் பயிற்சியாளர் பொறுப்பும் அவரிடம் வந்தது.

1951-ல் டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி. ஃபைனலில் ஈரானை 1-0 என்று வென்று இந்தியா தங்கம் வாங்கியது. கோல் அடித்தவர் சாஹு மேவாலால். அணியின் கேப்டன் ஒரு டிஃபென்டர், சைலேன் மன்னா.

எல்லாம் நன்றாகத்தானே போகிறது என்று தோன்றும். அடுத்த வருஷம்தான் அடி விழுந்தது.

10-1: பாடம் எங்கே தொடங்கியது?

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸ். யுகோஸ்லாவியாவிடம் இந்தியா 10-1 என்று தோற்றது. நம் வீரர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். குளிரும் ஈரத்தரையும் காலைப் பதம் பார்த்தன. அதன் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் என்று இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் விதி கொண்டுவந்தது.

வழக்கமாகக் கதையை இங்கே முடித்துவிடுவார்கள்: பூட்ஸ் இல்லை, தோற்றோம் என்று. ரஹீம் அதோடு நிற்கவில்லை. அவர் பார்த்தது ஆட்ட அமைப்பை.

கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம். நம் ஊர்களில் ரொம்ப காலம் ஆடியது 2-3-5 முறை. அதாவது கோல்கீப்பருக்கு முன்னால் 2 பேக், நடுவில் 3 பேர், முன்னால் 5 பேர். எல்லோருக்கும் கோல் அடிக்க ஆசை, அதனால் முன்னாடி கூட்டம். எதிரணி வேகமாகப் பாஸ் கொடுத்து வந்தால் பின்னாடி தடுக்க ஆளே இருக்காது. ஐரோப்பாவில் இது மாறி, நடுவில் ஸ்டாப்பர் என்று மூன்றாவது பேக் வந்து பல வருஷம் ஆகியிருந்தது. 1952-ல் தங்கம் வாங்கிய ஹங்கேரி அதற்கும் ஒரு படி மேலே போனது. தன் சென்டர் ஃபார்வர்டைக் கொஞ்சம் பின்னால் இறக்கி ஆடவைத்து, எதிரணி ஸ்டாப்பருக்கு யாரைப் பிடிப்பது என்றே தெரியாமல் செய்தது. 1953-ல் லண்டன் வெம்ப்ளியில் இங்கிலாந்தை 6-3 என்று அதே உத்தியால் அடித்தது.

இதையெல்லாம் ரஹீம் கவனமாகப் படித்தார். ஊர் திரும்பித் தன் வீரர்களிடம் அதைப் பரிசோதித்தார். இந்திய அணி படிப்படியாகப் பழைய இரண்டு பேக் ஆட்டத்தை விட்டது. பிற்பாடு பிரேசில் பிரபலமாக்கிய 4-2-4 முறைக்கும் அவர் அணியைக் கொண்டுவந்தார். பின்களத்தில் 2 பேர் இருந்த இடத்தில் இப்போது 4 பேர் வேண்டும். அப்போதுதான் நம் நாட்டில் அந்தக் கேள்வி நிஜமாகவே எழுந்தது: இந்த நாலு பேர் யார்?

மெல்போர்ன்: உலகம் திரும்பிப் பார்த்தது

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸ். ஆஸ்திரேலியாவை அவர்கள் ஊரிலேயே 4-2 என்று வென்றது இந்தியா. நெவில் டிசோசா ஹாட்ரிக் அடித்தார். ஒலிம்பிக்ஸ் கால்பந்தில் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய அணி இந்தியாதான். அரையிறுதியில் மறுபடியும் அதே யுகோஸ்லாவியா. நெவில் அடித்த கோலால் முதலில் முன்னிலை பெற்றது இந்தியாதான். கடைசியில் 4-1 என்று தோற்றது. வெண்கலத்துக்கான மேட்சில் பல்கேரியாவிடம் 3-0 தோல்வி. நாலாவது இடம்.

நெவில் பெயர் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அந்த அணியின் பின்களத்தில் நின்ற ஹைதராபாத்தின் அஜீசுதீன், கோழிக்கோட்டின் அப்துல் ரஹ்மான் போன்றவர்களின் பெயர்களை இன்று எத்தனை பேர் சொல்வார்கள்? கோல் அடித்தவரைக் காலண்டரில் போடுவார்கள், கோல் விழாமல் காத்தவருக்கு அன்று ராத்திரியோடு கைதட்டல் முடிந்துவிடும்.

4 வருஷத்தில் 10-1 என்ற இடத்திலிருந்து உலகின் முதல் நாலு அணிகளில் ஒன்று. 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் இன்னும் கடினமான பிரிவு. ஹங்கேரியிடம் 2-1 என்று மட்டுமே தோல்வி, பிரான்ஸோடு 1-1 டிரா, பெருவிடம் 3-1 தோல்வி. தமிழ்நாட்டின் சைமன் சுந்தர்ராஜும் அந்த அணியில் இருந்தார். அதற்குப் பிறகு இன்று வரை இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி பெறவே இல்லை.

ஜகார்த்தா: அந்த ஒரு முடிவு

இப்போது ஆரம்பத்தில் சொன்ன இடத்துக்கு வருவோம். 1962, ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி. கேப்டன் சுனி கோஸ்வாமி. முன்னாடி பி.கே.பானர்ஜி, துளசிதாஸ் பலராம், யூசுஃப் கான். பின்னாடி கேரளத்தின் சந்திரசேகர், வங்காளத்தின் அருண் கோஷ், த்ரிலோக் சிங். அவர்களுக்கு நடுவில் மலை மாதிரி ஜர்னைல் சிங்.

ஜர்னைல் பற்றி இரண்டு வரி. 1936-ல் இன்றைய பாகிஸ்தானில் உள்ள லயல்பூர் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். பிரிவினையில் தப்பி வந்து பஞ்சாபின் ஹோஷியார்பூர் மாவட்டத்தில் வளர்ந்தார். 1959-லிருந்து மோகன் பகானின் தூண். ஆசியாவிலேயே சிறந்த ஸ்டாப்பர் என்று பேசப்பட்டவர். டிராஃப்ட் என்று ஒன்று அன்றைக்கு இருந்திருந்தால் முதல் பெயர் இவருடையதாகத்தான் இருந்திருக்கும்.

போட்டி நல்லபடியாகத் தொடங்கவில்லை. முதல் மேட்சில் தென்கொரியாவிடம் 2-0 தோல்வி. தாய்லாந்தை 4-1 என்று வென்றார்கள், ஆனால் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. ஜர்னைலின் தலையில் காயம், தையல் போட வேண்டியதாயிற்று. ஜப்பானை 2-0 என்று வென்று அரையிறுதிக்கு வந்தாகிவிட்டது. இப்போது என்ன செய்வது?

ஒரு ஸ்டாப்பரின் முக்கிய வேலையே தலையால் பந்தை அடித்து வெளியேற்றுவது. எதிராளி மேலிருந்து வரும் ஒவ்வொரு பந்துக்கும் அவர் குதித்தாகணும். எந்தப் பந்துக்குக் குதிப்பது என்பது அவர் கையில் இல்லை. தையல் போட்ட தலையோடு அங்கே நிறுத்தினால் அவருக்கும் ஆபத்து, அணிக்கும் ஆபத்து. சரி, உட்காரவைத்துவிடலாம் என்றால் அணியின் பெரிய ஆளே வெளியே.

ரஹீம் மூன்றாவது வழியைப் பார்த்தார். ஜர்னைல் கல்லூரி நாட்களில் சென்டர் ஃபார்வர்டாக ஆடியவர் என்பது அவருக்குத் தெரியும். கட்டுப் போட்ட தலையோடு அவரை முன்களத்துக்கு அனுப்பினார். முன்னாடி நிற்கிறவர் எல்லாப் பந்துக்கும் தலை கொடுக்க வேண்டியதில்லை, தனக்கு வசதியான பந்தைத் தேர்ந்தெடுக்கலாம். அதோடு எதிரணி பேக்குகளுக்கு அந்த உடம்பே ஒரு தொல்லை. காலியான நடுப் பின்களப் பொறுப்பு அருண் கோஷிடம் போனது.

இது சூதாட்டம் மாதிரித் தெரியலாம். ஆனால் கணக்கு இல்லாமல் எடுத்த முடிவு இல்லை. சந்திரசேகர், அருண் கோஷ், த்ரிலோக் மூவரும் ஒருவரையொருவர் புரிந்து ஆடுகிறவர்கள். ஜர்னைல் இல்லாமலும் அந்தச் சுவர் நிற்கும் என்ற நம்பிக்கை இருந்ததால்தான் ஜர்னைலை முன்னே அனுப்ப முடிந்தது. பின்களத்தைத் தனித்தனி ஆட்களாக அவர் பார்க்கவில்லை. ஒரு கல்லை எடுத்தாலும் விழாத கட்டடமாகத்தான் அதைக் கட்டியிருந்தார்.

அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என்று வென்றது இந்தியா. சுனி 2 கோல். மற்றொன்று அடித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? ஜர்னைல்தான்.

ஃபைனலுக்கு முன் இன்னொரு முடிவு

எதிரே மறுபடியும் தென்கொரியா. 1956, 1960 இரண்டு ஆசியக் கோப்பைகளையும் வென்ற அணி. முதல் மேட்சில் நம்மை அடித்த அணியும் கூட. இப்போது கோல்கீப்பர் யார் என்ற கேள்வி. அதுவரை நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர் பிரத்யுத் பர்மன். மூத்த கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் காய்ச்சலில் படுத்து எழுந்தவர்.

தங்கராஜ் என்ற பெயரைக் கேட்டால் நம்ம ஊர்க்காரர் போலத் தோன்றும். பிறந்தது ஹைதராபாத். ஆனால் ராணுவத்தில் சேர்ந்து, நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்கு ஆடியவர். அந்த அணி 1955-லும் 1958-லும் டுராண்ட் கோப்பை வாங்கியது. சுவாரசியம் என்னவென்றால், அவரும் சின்ன வயதில் சென்டர் ஃபார்வர்டுதான். பிறகுதான் கோல்கீப்பர் ஆனார்.

ஜெயித்துக்கொண்டிருக்கும் அணியை மாற்றக் கூடாது என்பது எல்லா ஊர் டீக்கடையிலும் சொல்லும் சட்டம். ரஹீம் அதை மீறினார். கொரியர்கள் உயரமான பந்துகளை கோல் முன்னால் போடுவார்கள். ஜர்னைலும் பின்னாடி இல்லை. அந்தப் பந்துகளைப் பிடிக்க உயரமான ஆள் வேண்டும். தங்கராஜ் உள்ளே வந்தார்.

மைதானத்துக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். இஸ்ரேல், தைவான் வீரர்களை இந்தோனேசியா அனுமதிக்காததை இந்திய விளையாட்டு நிர்வாகி ஜி.டி.சோந்தி கண்டித்திருந்தார். அந்தக் கோபம் முழுவதும் இந்திய வீரர்கள் மேல் திரும்பியது. 1962 செப்டம்பர் 4. செனாயான் ஸ்டேடியத்தில் சுமார் 1 லட்சம் பேர். இந்தியாவின் தேசிய கீதத்துக்கே கூச்சல். இந்தியாவுக்காகக் கைதட்டியவர்களில் பாகிஸ்தான் ஹாக்கி அணியினரும் இருந்தார்கள் என்பது அந்த நாளின் அழகான செய்தி.

முந்தைய நாள் இரவு ரஹீம் தன் பையன்களிடம் ஒன்றே ஒன்று கேட்டாராம்: நாளைக்கு அந்தத் தங்கத்தைத் தனக்குப் பரிசாகக் கொடுக்கணும் என்று. வீரர்கள் பின்னாளில் திரும்பத் திரும்ப நினைவுகூர்ந்த விஷயம் இது.

17-வது நிமிடத்தில் பி.கே.பானர்ஜி கோல். 20-வது நிமிடத்தில், தலைக்கட்டோடு முன்களத்தில் நின்ற ஸ்டாப்பர் ஜர்னைல் சிங் கோல். கொரியா ஆட்டம் முடியும் நேரத்தில் ஒன்றுதான் திருப்ப முடிந்தது. 2-1. கால் விரலில் அடிபட்டிருந்த த்ரிலோக் சிங்கும் கடைசி வரை நின்றார். தங்கம் வந்தது.

அதற்குப் பிறகு?

அந்தப் பரிசை வாங்கிய ரஹீம் ஒரு வருஷம்கூட உயிரோடு இல்லை. நுரையீரல் புற்றுநோய். சிகரெட் பழக்கம் விடாதவர். 1963 ஜூன் 11-ல் இறந்தார். வயது 53.

1964 ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாம் இடம், 1970 ஆசிய விளையாட்டில் வெண்கலம். அவர் வார்த்தெடுத்த தலைமுறையின் வேகம் கொஞ்ச காலம் வண்டியை ஓட்டியது. அப்புறம் நின்றுவிட்டது. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் 1962-க்குப் பிறகு இந்தியாவுக்குத் தங்கம் கிடைக்கவே இல்லை.

ஒரே ஒரு மனிதர் போனதால் ஒரு நாட்டின் ஆட்டமே சரிந்துவிடுமா? ரஹீம் விட்டுப்போனது ஒரு அணியை. அவர் ஹைதராபாத்தில் நடத்திய அந்தச் சின்னச் சின்னப் பள்ளிப் போட்டிகளை நாடு முழுக்க யாரும் எடுத்து நடத்தவில்லை. பலவீனமான காலுக்குப் போட்டி வைத்தவர் போனபின், பலமான காலைத் தேடிப் பிடிக்கிற வேலை மட்டும்தான் மிஞ்சியது.

நமக்கு இதில் என்ன இருக்கு?

இன்றைக்கு ஒரு அணி டிஃபென்டரை எடுக்கும்போது உயரம், வேகம், எத்தனை டேக்கிள், எத்தனை கோடி என்று பார்க்கிறோம். தப்பில்லை. ஆனால் ரஹீம் கூடுதலாக இரண்டு விஷயம் பார்த்தார். ஒன்று, இந்த ஆள் பக்கத்தில் நிற்கிறவரோடு சேர்ந்து ஆடுவாரா? இரண்டு, இவருக்கு வேறு என்ன தெரியும்? ஜர்னைலின் கல்லூரிக் காலத்து ஆட்டம் அவர் மனதில் பதிந்திருக்காவிட்டால், ஜகார்த்தாவில் அந்த இரண்டாவது கோல் இல்லை.

அப்படித் தெரிந்து வைத்திருக்க, ஆளை ஒருநாள் ஏலத்தில் பார்த்தால் போதாது. வருஷக்கணக்கில் மைதான ஓரத்தில் நின்று பார்த்திருக்கணும். மணப்பாட்டு மணலில் இன்று சாயங்காலமும் பையன்கள் பந்து உதைப்பார்கள். அதில் யாராவது ஒருவன், எல்லோரும் கோல் அடிக்க முன்னே ஓடும்போது, தானாகப் பின்னாடி நிற்பான். அவனைக் கவனிக்க ஒரு வாத்தியார் அந்தக் கரையில் நிற்கிறாரா என்பதுதான் கேள்வி.